தம் கட்டத் தெரிந்த ஆமை வலையில் ஏன் சாகிறது?

காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகும் ஓர் இளைஞரின் கேள்வி இது: “ஆமை மணிக்கணக்கா தம் கட்டும்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் மடியில மாட்டுனா மூச்சு முட்டிச் சாவுது? தண்ணிக்குள்ள அதுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்ல, வலையைப் பாத்து ஒதுங்கிப் போகக் கூடாதா?”

மடி என்று அவர் சொல்வது, படகு இழுத்துப் போகும் இழுவலையின் கடைசியில் மீன் சேரும் பையை. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரை நெடுக நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர்களுக்கு இது நியாயமான சந்தேகம்தான். சுருக்கமான பதில்: அந்த மணிக்கணக்கு, ஆமை தானாக முங்கி, சும்மா கிடந்தபோது எடுத்த அளவு. வலைக்குள் அது உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. மேலே வரும் நேரமும் அதன் கையில் இல்லை. இந்த இரண்டும் மாறினால் மணி, நிமிடமாகச் சுருங்கிவிடும். பார்வை உண்டு, நல்ல பார்வைதான். ஆனால் வலை நூலைப் பார்த்துத் திரும்ப அதற்குக் கிடைப்பது ஒரு விநாடிகூட இல்லை. இனி விரிவாக.

கண்ணிலிருந்து தொடங்குவோம். மனிதக் கண்ணின் ஒளி வளைக்கும் திறன் மொத்தம் சுமார் 60 டயாப்டர். அதில் 43 அளவுக்குக் கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கார்னியாவே செய்துவிடுகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1, கார்னியாவுடையது 1.376. இந்த வித்தியாசம்தான் ஒளியை வளைக்கிறது. கடல்நீரின் எண் 1.34. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்ததும் வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போகிறது, கார்னியா இருந்தும் இல்லாத கணக்கு. உள்ளே இருக்கும் லென்ஸ் ஒன்றால் அந்த 43-ஐ ஈடுகட்ட முடியாது. பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் போய் விழ, நமக்கு எல்லாம் கலங்கலாகத் தெரிகிறது. நீச்சல் கண்ணாடி போட்டால் தெளிவதற்குக் காரணம் கண்ணாடி இல்லை, அதற்குப் பின்னால் அடைபட்டிருக்கும் காற்று. அதற்கும் ஒரு விலை உண்டு: பொருள்கள் உண்மையான தூரத்தின் முக்கால் பங்கிலேயே இருப்பதுபோலவும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். கண்ணாடி போட்டு முங்கியவர் ‘இந்தா பெரிய மீன்’ என்று சொன்னால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் தண்ணீரிலேயே வாழும் பிராணி என்ன செய்யும்? கார்னியாவை நம்ப முடியாது, லென்ஸை மட்டுமே நம்ப வேண்டும். இதை எந்த ஆய்வகமும் இல்லாமல் காசிமேட்டு மீன் ஒன்றை வைத்தே பார்த்துவிடலாம். குழம்பில் போட்ட மீன் தலையின் கண்ணுக்குள்ளிருந்து வெள்ளையாய், கெட்டியாய் ஓர் உருண்டை வரும், துப்பிவிடுவோமே, அதுதான் லென்ஸ். வேகும் முன்பு அது பளிங்குபோல் தெளிந்திருந்தது, சூட்டில் அதன் புரதம் உறைந்து வெளுத்துவிட்டது. பச்சையாக எடுக்க வஞ்சிரம் அல்லது பாறை மீனின் தலை ஒன்று வாங்குங்கள். கண் உப்பலாக, பளபளப்பாக இருக்க வேண்டும், குழிந்திருந்தால் வேண்டாம். புதுப் பிளேடால் கறுப்பு வட்டத்தின் ஓரத்தைச் சுற்றி வெட்டி, கார்னியாவை மூடிபோல் எடுங்கள். நீர் வடியும். கண்ணின் பின்பக்கத்தை விரலால் மெல்ல அழுத்தினால் உருண்டை வெளியே வரும். ஒட்டியிருக்கும் தசையை நறுக்கிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்புப் போட்ட நீரில் அலசுங்கள். வெறும் தண்ணீரில் போட்டால் மேல்தோல் ஊறி மங்கிவிடும். நகத்தால் அழுத்தினால் மேற்புறம் ஜெல்லி மாதிரி நசுங்கும், நடுப்பகுதி மட்டும் கல்லாக நிற்கும்.

அந்த உருண்டையைச் செய்தித்தாள் மீது வையுங்கள், எழுத்து பெரிதாகத் தெரியும். இப்போது கண்ணாடிக் கிண்ணத்தில் உப்புநீர் ஊற்றி, அதற்குள் உருண்டையைப் போட்டு, கிண்ணத்துக்கு அடியில் செய்தித்தாளை வையுங்கள். தண்ணீருக்குள்ளேயும் பெரிதாக்கிக் காட்டும். கடையில் வாங்கும் பூதக்கண்ணாடியை வாளித் தண்ணீருக்குள் வைத்தால் அதன் திறன் கால்பங்காகக் குறைந்து ஏறக்குறைய வெறும் கண்ணாடியாகிவிடும். மீன் லென்ஸ் தாங்குவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அது முழு உருண்டை. இரண்டாவது, ஓரத்திலிருந்து நடுவுக்குப் போகப் போகப் புரதம் அடர்ந்து, ஒளிவிலகல் எண் படிப்படியாக ஏறி மையத்தில் 1.5-ஐத் தாண்டுகிறது. வெறும் கண்ணாடிக் கோலியை அந்த இடத்தில் வைத்தால் ஓரத்துக் கதிர் ஓரிடத்திலும் நடுக்கதிர் வேறிடத்திலும் குவிந்து படம் பிசகும். படிப்படியான அடர்த்தி அதைச் சரி செய்கிறது. பெரும்பாலான மீன்களுக்குக் குவிய தூரம் லென்ஸின் ஆரத்தைப் போல் ஏறக்குறைய 2.5 மடங்கு. 8 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை என்றால் மையத்திலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி விழித்திரை இருக்கும். அதே நாள் ஆட்டுத்தலை கிடைத்தால் அதன் லென்ஸையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பருப்புபோல் தட்டியிருக்கும். தரை மிருகத்துக்கும் கடல் மிருகத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரே தட்டில். சோதனை கெடுவது பெரும்பாலும் ஐஸால்தான். ஐஸில் கிடந்த மீனின் லென்ஸ் மங்கியிருக்கலாம், அறைச் சூட்டுக்கு வந்ததும் சில தெளியும். ஃப்ரீசரில் உறைந்தது தேறாது.

மீனுக்குச் சரி. தண்ணீர், காற்று இரண்டிலும் பார்க்க வேண்டிய சீல், பெங்குவின், நீர்க்காகம், ஆமை? ஒவ்வொன்றுக்கும் வேறு வழி.

சீலுக்கும் கடற்சிங்கத்துக்கும் லென்ஸ் மீனைப் போல உருண்டை. தண்ணீரில் தெளிவாகப் பார்க்க அது போதும். வெளியே வந்ததும் கார்னியாவும் சேர்ந்து வளைத்தால் கிட்டப்பார்வை ஆகிவிடும் அல்லவா? அதனால் கார்னியாவின் நடுவே ஒரு சிறு பகுதி தட்டையாக இருக்கிறது. பிரகாசமான வெயிலில் கண்மணி ஒரு கீற்றாகச் சுருங்கி, ஒளி அந்தத் தட்டையான பகுதி வழியாக மட்டும் நுழையும்படி செய்துவிடுகிறது. இருட்டினால் கண்மணி விரிந்து தட்டைப் பகுதியைத் தாண்டிவிடும், அப்போது காற்றில் பார்வை மங்கும்.

இதை அளந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க விஞ்ஞானி ரொனால்ட் ஷுஸ்டர்மன். முறை எளிது, பிசகாமல் செய்வதுதான் கடினம். இரண்டு பலகைகள். ஒன்றில் கறுப்பு வெள்ளைக் கோடுகள், மற்றொன்று வெறும் சாம்பல். கோடு போட்டதை மூக்கால் தொட்டால் மீன். கோடுகளை மெலிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கடற்சிங்கம் குத்துமதிப்பாகத் தொடத் தொடங்கும். சரியான விடை 75 சதவீதத்துக்கு இறங்கும் இடத்தை எல்லையாக எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் கண்ணை மூடித் தொட்டாலே 50 வரும். கெடுவது மூன்று இடங்களில். சாம்பல் பலகையின் சராசரி வெளிச்சம் கோட்டுப் பலகையோடு பொருந்தாவிட்டால் பிராணி கோட்டைப் பார்க்காமல் வெளிச்சத்தைப் பார்த்தே தேர்வு செய்துவிடும். இடம் வலம் மாற்றுவதில் ஏதாவது ஒழுங்கு இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். மீன் கொடுப்பவருக்குச் சரியான பலகை எது என்று தெரிந்திருந்தால் அவர் உடம்பசைவே காட்டிக்கொடுத்துவிடும். இவற்றையெல்லாம் அடைத்த பிறகு வந்த விடை, நல்ல வெளிச்சத்தில் கடற்சிங்கத்தின் பார்வைக் கூர்மை சுமார் 5 முதல் 6 கோணநிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கோணநிமிடம், எண் குறையக் குறையப் பார்வை கூர்மை), தண்ணீரிலும் காற்றிலும் ஏறக்குறைய அதே. நமக்குக் காற்றில் 1. அதாவது 10 மீட்டர் தூரத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலான இடைவெளி இருந்தால்தான் அது பிரித்தறியும். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வலைக்கு வரும்போது வேண்டும்.

எண்ணூர் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் குச்சியில் உட்கார்ந்து சிறகு காயவைக்கும் நீர்க்காகத்தின் வழி இன்னும் முரட்டுத்தனமானது. அதன் கார்னியா காற்றுக்கு ஏற்றபடி வளைந்தே இருக்கிறது. முங்கியதும் அந்தத் திறன் போய்விடும். கருவிழித் தசை மென்மையான லென்ஸைச் சுற்றி நெரித்து, அதன் முன்பகுதியைக் கண்மணி வழியாகப் பிதுக்கித் தள்ளும். பிதுங்கிய பகுதி கூர்ந்த வளைவாக மாறி, 50 டயாப்டருக்கு மேல் இழந்ததை அங்கேயே ஈடுகட்டிவிடுகிறது. இளவயது மனிதனால் முடிந்தது 15 டயாப்டர் சொச்சம். அவ்வளவு செய்தும் நீர்க்காகம் தண்ணீருக்கடியில் மீனைக் கண்டுகொள்வது ஒரு மீட்டருக்குள்தான் என்று பெரிய நீர்க்காகத்தை வைத்துச் செய்த சோதனை காட்டியது. தூரத்திலிருந்து குறிவைக்கும் பருந்துக் கணக்கு அதற்கு இல்லை. கலங்கல் தண்ணீரில் கிளப்பிவிட்டுக் கிட்டத்தில் பிடிப்பதே அதன் தொழில்.

மனிதனால் கொஞ்சமாவது முடியுமா என்று கேட்பவர்களுக்காக ஒரு வரி. அந்தமான் கடலோரத்தில் தாய்லாந்துப் பக்கம் வாழும் மோக்கன் குழந்தைகள் தண்ணீருக்கடியில் ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரு மடங்கு நுட்பமாகப் பார்க்கிறார்கள் என்று சுவீடனின் அன்னா கிஸ்லேன் 2003-இல் அளந்து காட்டினார். அவர்கள் கண்மணியை 2 மில்லிமீட்டருக்கும் கீழே சுருக்கி, லென்ஸையும் முழுமூச்சாகக் குவிக்கிறார்கள். சுவீடன் குழந்தைகளும் பயிற்சியால் அதே அளவுக்கு வந்தார்கள், ஆக இது பிறவி வரம் அல்ல.

வெளிச்சம் அடுத்த சிக்கல். கடலில் இறங்க இறங்க முதலில் சிவப்பு போகும், கடைசிவரை நிற்பது நீலம். தெளிந்த ஆழ்கடலில் 480 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே. 1970-இலேயே யானைச் சீலின் விழித்திரை நிறமி 485 அருகே உச்சம் கொள்வதைக் கண்டார்கள், தரை மிருகங்களுக்கு அது 500 பக்கம். ஆழ்கடல் மீனின் கண்ணிலுள்ள நிறமியைப் பாலூட்டியிடம் கண்டது அன்று பெரிய செய்தி. யானைச் சீலின் கண்மணியை டேவிட் லெவன்சனும் ஷுஸ்டர்மனும் அளந்தபோது முழு விரிவில் 422 சதுர மில்லிமீட்டர், முழுச் சுருக்கத்தில் 0.9. நானூறு மடங்குக்கு மேல். வெயிலில் ஊசித்துளையாக இருக்கும் கண்மணியின் பயன் இதுதான்: மேற்பரப்பில் விழித்திரை வெளிச்சத்தில் வெளுத்துப்போகாமல் காத்துவைத்து, சில நிமிடங்களில் இருளுக்குள் இறங்கத் தயாராக்குகிறது. சினிமாத் தியேட்டருக்குள் நுழைந்தால் நமக்குக் கண் முழுதாகப் பழக 20 நிமிடத்துக்கு மேலாகும். யானைச் சீலுக்குச் சுமார் 6 நிமிடம் போதும்.

இதில் எல்லோரையும் ஆச்சரியப்படுத்திய கண்டுபிடிப்பு 2001-இல் வந்தது. லியோ பைக்லும் உடன் ஆய்ந்தவர்களும் திமிங்கிலங்களிலும் சீல்களிலும் நிறம் காட்டும் விழித்திரைக் கூம்பணுக்களில் நீலத்தை உணரும் வகையே இல்லை என்று காட்டினார்கள். நீலக் கடலில் வாழும் பிராணிக்கு நீலக் கூம்பு இல்லை! நல்ல வெளிச்சத்தில் அவை ஏறக்குறைய நிறக்குருடு. ஆமை இதற்கு நேர்மாறு. பச்சை ஆமையின் கூம்பணுக்களில் 440, 502, 562 நானோமீட்டர் என மூன்று நிறமிகள், போதாததற்குப் பறவைகளைப் போல வண்ண எண்ணெய்த் துளிகள். நிறம் பார்ப்பதில் ஆமை சீலைவிட எவ்வளவோ மேல்.

இப்போது மூச்சுக்கு வருவோம். ஆமையின் சாவுக்கான விளக்கம் இங்கேதான் இருக்கிறது, அதுவும் சீலை வைத்து நடந்த பழைய ஒரு தகராறில்.

நார்வேக்காரர் பெர் ஸ்காலாண்டர் 1940-இல் வெளியிட்ட ஆய்வில் சீலைப் பலகையில் கட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். இதயத்துடிப்பு சட்டென்று நிமிடத்துக்குப் பத்துச் சொச்சமாக இறங்கியது. கை கால் தசைகளுக்கு ரத்தம் நின்று, மூளைக்கும் இதயத்துக்கும் மட்டும் போனது. மேலே தூக்கியதும், ஆக்சிஜன் போதாமல் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் ரத்தத்தில் வெள்ளமாக இறங்கியது. முங்கும் பிராணி எல்லாம் ஒவ்வொரு முங்கிலும் இப்படித்தான் செய்கிறது என்று இருபது வருடத்துக்கு மேல் பாடப்புத்தகங்கள் சொல்லின.

ஜெரால்ட் கூய்மன் 1960-களின் தொடக்கத்தில் அன்டார்க்டிகாவின் மெக்மர்டோ விரிகுடாவில் கட்டாத சீலை அளந்தார். ஒரு தந்திரம் செய்தார். கண்ணுக்கெட்டிய தூரம் விரிசலே இல்லாத கடல்பனியில் ஓர் ஓட்டை போட்டு, வெடல் சீல் ஒன்றைக் கொண்டுவந்து அதில் விட்டார். மூச்சுக்கு அந்த ஓட்டையைத் தவிர வேறு வழி இல்லை, எங்கே சுற்றினாலும் திரும்பி வந்தாக வேண்டும். முதுகில் கட்டிய கருவி கைக்குத் திரும்பக் கிடைக்கும். கருவியா, சமையலறை டைமர் ஒன்று. அது ஒரு மணி நேரத்தில் புகைக்கரி பூசிய கண்ணாடித் தட்டைச் சுற்றிவிடும். அழுத்தமானியின் முள் ஆழத்துக்கு ஏற்றபடி கரியில் கீறும். இன்று ஆய்வாளர்கள் ஆமை முதுகிலிருந்து திமிங்கிலம் வரை ஒட்டும் ஆழப்பதிவுக் கருவிகளுக்கெல்லாம் தாத்தா அந்தக் கரித்தட்டுதான். 1966-இல் அவர் வெளியிட்ட உச்ச அளவு 600 மீட்டர், 43 நிமிடம்.

உச்ச அளவைவிடப் பெரிய விஷயம் அடுத்து வந்தது. முங்கி வந்த சீல்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, 20 நிமிடத்துக்கு உட்பட்ட முங்குகளில் லாக்டிக் அமிலம் ஏறவே இல்லை. அதைத் தாண்டினால்தான் ஏறியது. அந்த எல்லைக்கு இன்று உயிர்வளி முங்கெல்லை என்று பெயர் சொல்லலாம். கணக்கு மிகச் சாதாரணம். வெடல் சீலின் உடலில் கிலோவுக்குச் சுமார் 87 மில்லிலிட்டர் ஆக்சிஜன் சேமிப்பு உண்டு, மனிதனுக்கு 20 சொச்சம். முங்கும்போது நிமிடத்துக்குக் கிலோவுக்கு 4 மில்லிலிட்டருக்குக் கொஞ்சம் மேல் செலவு. வகுத்தால் 20 நிமிடம். எல்லைக்குள் முங்கினால் மேலே வந்து சில நிமிடம் மூச்சுவாங்கி மறுபடி இறங்கலாம். 45 நிமிடம் முங்கினால் கடனை அடைக்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் மேற்பரப்பில் கிடக்க வேண்டும். சீல் வட்டிக்கு வாங்குவதைத் தவிர்க்கிறது, பெரும்பாலான முங்குகள் சம்பளத்துக்குள் முடிகின்றன. ஸ்காலாண்டர் அளந்தது பொய்யில்லை. அவர் அளந்தது, எப்போது விடுவார்கள் என்று தெரியாத பிராணியின் பயத்தை.

பார்வையும் மூச்சும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதற்கும் இதே சீல் சாட்சி. 1999-இல் வெளியான ஆய்வில் வெடல் சீலின் தலையில் கேமரா பொருத்தினார்கள். அது மீனுக்குக் கீழே போய், மேலிருந்து வரும் வெளிச்சத்தில் மீனை நிழலுருவாகப் பார்த்துப் பிடித்தது. பனிக்கட்டியின் அடிப்புறப் பொந்தில் ஒளிந்த மீனைக் கிளப்ப, மூக்கிலிருந்து காற்றை ஊதியது. சீலின் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்தில், மிச்சத்தில் பெரும்பங்கு தசையில், நுரையீரலில் ஐந்து சதவீதம்தான். ஊதிக் காலி செய்தாலும் நஷ்டமில்லை.

ஆமையின் பெட்டகம் தலைகீழ். பெருந்தலை ஆமையை வைத்துக் கணித்ததில் கிலோவுக்கு 22 மில்லிலிட்டர் சேமிப்பு, அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு நுரையீரலில். பங்குனி ஆமையும் அதே ஓட்டு ஆமைக் குடும்பம். சேமிப்பு மனிதனுடையதைப் போலத்தான், செலவுதான் மிகக் குறைவு, குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் குளிரக் குளிரச் செலவு இன்னும் இறங்கும். மத்தியதரைக் கடலில் குளிர்காலத்தில் அடியில் படுத்துக் கிடந்த பெருந்தலை ஆமை 10 மணி நேரத்தைத் தாண்டி ஒரே முங்கில் இருந்தது பதிவாகியிருக்கிறது. ‘மணிக்கணக்கா தம் கட்டும்’ என்ற பேச்சுக்கு ஆதாரம் இதுபோன்ற பதிவுகள். நம் கடல் ஜனவரியில்கூட வெதுவெதுப்புதான். வலைக்கு முன்னால் ஓடும் ஆமை படுத்துக் கிடக்கவும் இல்லை. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: 22 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் செலவு என்று வைத்தால் 22 நிமிடம். துடுப்படித்துத் திமிறினால் செலவு மூன்று மடங்கு, 7 நிமிடத்தில் காலி.

இது வெறும் கணக்கு அல்ல. பங்குனி ஆமையின் ஒன்றுவிட்ட சகோதரி கெம்ப் ரிட்லி ஆமையை 8 நிமிடத்துக்கும் குறைவாக இழுவலையில் இழுத்துவிட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் அமிலமாகி, லாக்டேட் (லாக்டிக் அமிலத்தின் ரத்த வடிவம்) பல மடங்கு ஏறியிருந்தது. வலையில் பிடிபட்ட பெருந்தலை ஆமையின் லாக்டேட் பழைய நிலைக்குத் திரும்ப 20 மணி நேரம் வரை ஆனது. அமெரிக்காவில் 1990-இல் வந்த மதிப்பீடு, இழுப்பு 60 நிமிடத்தைத் தாண்டும்வரை சாவு மிகக் குறைவு, பிறகு வேகமாக ஏறி, 200 நிமிடத்தைத் தாண்டினால் பாதிக்கு நெருங்கும் என்றது. பின்னால் அதே தரவுகளை மறுபடி அலசியவர்கள் 10 நிமிடத்துக்கு உட்பட்ட இழுப்பு மட்டுமே உண்மையில் பத்திரம் என்றார்கள். நம் பக்கத்து இழுவலைகளில் ஒரு இழுப்பு இரண்டு மூன்று மணி நேரம் போவது வழக்கம். இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம் கவனத்தில் வருவதில்லை. உயிரோடு தூக்கிக் கடலில் விட்ட ஆமையும் அன்றே சாகலாம். அமிலம் இறங்க ஒரு நாள் பக்கம் ஆகும்போது, அதற்குள் இரண்டாவது படகின் வலையில் சிக்கினால் அது தொடங்குவதே கடனில். கரை ஒதுங்கிய உடலைப் பார்த்துக் காரணம் சொல்பவர்களும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கண் பிதுங்கி, கழுத்து வீங்கியிருப்பது மூச்சுமுட்டலின் அடையாளம் என்பார்கள். அழுகும்போது உண்டாகும் வாயுவும் அதே தோற்றத்தைத் தரும். புதிதாகச் செத்த உடலில் மூச்சுக்குழாயில் நுரையும், கனத்து நீர் கோத்த நுரையீரலும் இருந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம்.

சரி, ஏன் பார்த்து ஒதுங்கவில்லை? இளம் பெருந்தலை ஆமையின் பார்வைக் கூர்மை 5 முதல் 8 கோணநிமிடம், கடற்சிங்கத்துக்குப் பக்கத்தில். 5 என்றே வைப்போம். ஒன்றரை மில்லிமீட்டர் தடித்த நூலை அது பிரித்தறிவது ஒரு மீட்டரில். இழுவலை மணிக்கு 2.5 கடல்மைல் வேகத்தில் வருகிறது, விநாடிக்கு 1.3 மீட்டர். ஒரு மீட்டரில் பார்த்தால் முக்கால் விநாடி. நூலுக்கும் பின்னணிக்கும் வெளிச்ச மாறுபாடு நன்றாக இருந்தால் இன்னும் தூரத்திலேயே ஏதோ வருகிறது என்று தட்டுப்படலாம். ஆனால் கலங்கலில் முதலில் சாவது மாறுபாடுதான். வடகிழக்குப் பருவமழை முடிந்து கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீரும் சேறும் இறங்கிய கடல், அடியில் சேற்றைக் கிளப்பிக்கொண்டு வரும் சங்கிலி, பாதி நேரம் இரவு. போதாததற்கு வலை பின்னாலிருந்து வருகிறது. பார்த்தாலும் ஆமை பக்கவாட்டில் விலகுவதில்லை, வலை வாய்க்கு முன்னால் அதே திசையில் நீந்திக்கொண்டே போகும், களைத்ததும் உள்ளே விழும். ஆக, மடிக்குள் நுழையும்போதே பெட்டகம் பாதி காலி.

செவுள்வலையில் பார்வையைப் பயன்படுத்த வழி இருக்கிறது, ஏனென்றால் அது ஒரே இடத்தில் நிற்கிறது. மெக்சிகோவில் 2010-இல் வெளியான சோதனையில் வலையில் எல்இடி விளக்கு கட்டியதும் பச்சை ஆமை சிக்குவது 40 சதவீதம் குறைந்தது. பெருவில் 2016-இல் பச்சை எல்இடி கட்டியதில் சுமார் 64 சதவீதம். இரண்டிலும் மீன் வரத்து குறையவில்லை. பச்சை விளக்கு வேலை செய்யக் காரணம் மேலே சொன்ன அந்த மூன்று கூம்பு நிறமிகள். கலங்கல் அதிகமான இடத்தில் இதன் பலன் குறையும் என்பதை மறக்கக் கூடாது.

இழுவலைக்குப் பார்வை உதவாது, அங்கே இரும்புக் கம்பிதான் வழி. ஆமை விலக்குச் சாதனம் என்பது மடிக்கு முன்னால் சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டம். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்காக வடிவமைத்தது, 1000-க்கு 800 மில்லிமீட்டர் நீள்வட்டச் சட்டம், கம்பிகளுக்கிடையே 142 மில்லிமீட்டர் இடைவெளி. இறாலும் மீனும் கம்பி வழியே மடிக்குப் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, சாய்வில் சறுக்கி, மேலே விட்டிருக்கும் திறப்பு வழியாக வெளியேறும். சாய்வு 45 டிகிரி அருகே இருக்க வேண்டும். செங்குத்தாகிவிட்டால் ஆமை சறுக்காமல் கம்பியிலேயே ஒட்டி நிற்கும், குப்பையும் சேரும். படுத்துவிட்டால் திறப்பின் மூடி இறுகாமல் மீன் தப்பிப் போகும். ‘இதை மாட்டினால் பாடு குறையுது’ என்ற புகார் பல நேரம் சாய்வு பிசகியதால் வருவது. கட்டும்போது சரியாக இருந்த சாய்வு நாள்பட வலை இழுபட்டு மாறும், அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும். ஆமைக் காலமான ஜனவரி முதல் ஏப்ரல் வரை கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் இழுவலைக்குத் தடை வைத்திருப்பதும் இதே கணக்கில்தான், முட்டையிட வரும் ஆமைகள் கூடுவது அங்கே.

கடைசியாக, மடியைக் கொட்டும்போது அசையாத ஆமை விழுந்தால் என்ன செய்வது. செத்துவிட்டது என்று உடனே தள்ளிவிடுவதுதான் பெரிய தவறு. மயங்கிய ஆமைக்கும் செத்த ஆமைக்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. மல்லாத்தக் கூடாது, வயிற்றுப்பக்கத்தை அமுக்கக் கூடாது. வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பகுதியை 15 சென்டிமீட்டராவது உயர்த்தி முட்டுக்கொடுங்கள், பெரிய ஆமைக்கு இன்னும் உயரம். நுரையீரலில் புகுந்த தண்ணீர் வடிய வேண்டும். ஓட்டின் ஓரத்தைப் பிடித்து ஒரு பக்கம் 7, 8 சென்டிமீட்டர் தூக்கி இறக்கி, பிறகு மறுபக்கம் அப்படியே, இடையிடையே செய்யுங்கள். நிழலில் வைத்து, தலை, முதுகு, துடுப்புகள் மீது ஈரச்சாக்கு போடுங்கள். தண்ணீர்த் தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், தலை தூக்க முடியாமல் அங்கேயே மூழ்கும். சில மணிக்கு ஒருமுறை கண் ஓரத்தை மெல்லத் தொட்டு, வாலைக் கிள்ளிப் பாருங்கள். சிமிட்டினால் உயிர் இருக்கிறது. குறைந்தது 4 மணி நேரம், தேவைப்பட்டால் 24 மணி நேரம் வரை காத்திருக்கலாம்.

தலை தூக்கி, துடுப்பை அடிக்கத் தொடங்கியதும் விடலாம். வலை தண்ணீரில் இல்லாதபோது, இன்ஜினை நியூட்ரலில் போட்டு, பின்பக்கமாக மெல்ல இறக்குங்கள். பக்கத்தில் வேறு படகு வலை இழுத்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் தள்ளிப் போய் விடுங்கள், அதன் ரத்தத்தில் இன்னும் ஒரு நாள் கடன் பாக்கியிருக்கிறது.